ஒரே ஒரு லாரி வைத்திருப்பவர் டீலர் ஒர்க்ஷாப்பில் வேலை வாங்குவது எப்படி

ஐம்பது வண்டி வைத்திருக்கும் கம்பெனியின் லாரியும், ஒரே வண்டி வைத்து தானே ஓட்டுபவரின் லாரியும் ஒரே நேரத்தில் டீலர் ஒர்க்ஷாப்புக்கு வந்தால் எதில் முதலில் கை வைப்பார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். கம்பெனிக்கு ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் இருக்கும். வண்டி இத்தனை மணி நேரத்துக்குள் வெளியே வர வேண்டும் என்று அதில் எழுதியிருக்கும். அடுத்து வாங்கப்போகும் வண்டிகளுக்கான ஆர்டரும் அங்கிருந்துதான் வர வேண்டும். ஆனால் அவர்களுக்கு ஒரு வண்டி நின்றால் மற்றவை ஓடும். சொந்தமாக ஓட்டுபவருக்கு வண்டி நின்றால் வருமானம் முழுதும் நின்றுவிடும். தவணை மட்டும் நிற்காது. இதைத் தெரிந்துகொண்டே அவரைக் காக்க வைப்பது அநியாயம்.

கவுன்டரில் சத்தம் போடுவதால் அந்த ஒரு நாளுக்கு வேண்டுமானால் வேலை நடக்கும். கம்பெனி வண்டிகளுக்குக் கிடைக்கும் கவனிப்புக்கு எண்ணிக்கை ஒரு காரணம். அங்கே மெயின்டனன்ஸ் பார்க்கும் ஆள் ஒவ்வொன்றையும் எழுத்தில் கேட்பதும், எழுத்தில் வாங்கி வைப்பதும் இன்னொரு காரணம். முதலாவது உங்கள் கையில் இல்லை. இரண்டாவதை ஒரு செல்போனையும் ஒரு நோட்டையும் வைத்துக்கொண்டு நீங்களே செய்யலாம்.

போகும் முன்பு

முன்கூட்டியே போன் செய்து நேரம் வாங்குங்கள். அப்போதே சேசிஸ் எண்ணைக் கொடுத்து இரண்டு விஷயம் கேளுங்கள். இந்த எண்ணுக்கு ரீகால் (குறையுள்ள வண்டிகளைக் கம்பெனியே திரும்ப அழைத்துச் சரிசெய்வது), சாஃப்ட்வேர் அப்டேட், இலவச மாற்றம் என்று ஏதாவது பாக்கி இருக்கிறதா? நாம் சொல்லும் வேலைக்கு வேண்டிய பார்ட் இன்று ஸ்டாக்கில் இருக்கிறதா? வண்டியை உள்ளே விட்டுவிட்டு மூன்று நாள் பார்ட்டுக்காகக் காத்திருப்பவர்களில் பலர் இந்த இரண்டாவது கேள்வியைக் கேட்காதவர்கள். வண்டி ஓடும் நிலையில் இருந்தால், பார்ட் வந்த பிறகே உள்ளே விடுங்கள். வார விடுமுறைக்கு முந்தின மாலை வேண்டாம். யாரும் கை வைக்க மாட்டார்கள், நிற்கும் நாள் மட்டும் கூடும்.

கரன்ட் சம்பந்தமான குறை என்றால் மல்டிமீட்டரை வைத்து நீங்களே பார்த்துவிடுங்கள். 24 வோல்ட் வண்டியில், எஞ்சினை நிறுத்திச் சில மணி நேரம் கழித்து பேட்டரி ஜோடியில் 25.2 வோல்ட்டுக்குக் குறையாமலும், எஞ்சின் ஓடும்போது சுமார் 27.5 முதல் 28.5 வரையும் இருக்க வேண்டும். டெர்மினல் தளர்ந்தோ எர்த் கேபிள் துருப்பிடித்தோ இருந்தால் வோல்ட்டேஜ் விழுந்து, சம்பந்தமே இல்லாத சென்சார்களின் ஃபால்ட் கோடெல்லாம் (வண்டியின் கம்ப்யூட்டர் பதியும் கோளாறு எண்கள்) வரும். அந்தக் கோடுகளைத் துரத்துவதற்கும் உங்களிடம்தான் காசு வாங்குவார்கள்.

உள்ளே விடும்போது ஓடோமீட்டர், டீசல் அளவு, டயர்கள், ஸ்டெப்னி, பேட்டரி எண்கள், கேபினின் உட்புறம் எல்லாவற்றையும் ஒரே வீடியோவாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஜாப் கார்டு

வண்டியின் குறையையும் செய்ய வேண்டிய வேலையையும் ஒர்க்ஷாப்பில் எழுதும் தாள்தான் ஜாப் கார்டு. மொத்த வேலையும் இந்த ஒரு தாளில்தான் இருக்கிறது. பெரும்பாலான ஜாப் கார்டுகளில் "பிக்-அப் இல்லை, செக் செய்யவும்" என்று இருக்கும். இதை வைத்து எந்த மெக்கானிக்கும் எதையும் கண்டுபிடிக்க முடியாது. காலி வண்டியை ஒரு சுற்று ஓட்டிப் பார்த்து, "குறை தெரியவில்லை" என்று எழுதிக் கொடுத்துவிடுவார்கள்.

இப்படி எழுதச் சொல்லுங்கள்: "16 டன் லோடில், எஞ்சின் சூடான பிறகு, ஏற்றத்தில் 6-ஆம் கியரில் 1,400 ஆர்பிஎம்முக்கு மேல் ஏறவில்லை. கறுப்புப் புகை வருகிறது. காலி வண்டியில் குறை இல்லை. மூன்று நாளாக உள்ளது. டீசல் ஃபில்டர் மாற்றி 12,000 கி.மீ. ஆகிறது."

இதில் "கறுப்புப் புகை" என்ற ஒரு சொல் பாதி வேலையை முடித்துவிடும். டீசல் ஃபில்டர் அடைத்தால் டீசல் குறையும். பவர் போகும், கறுப்புப் புகை பெரும்பாலும் வராது. கறுப்புப் புகை என்றால் டீசலுக்கு ஏற்ற காற்று போகவில்லை. இன்டர்கூலர் (டர்போவிலிருந்து வரும் காற்றைக் குளிர்விப்பது) ஹோஸ் கிழிந்திருக்கலாம், கிளாம்ப் தளர்ந்திருக்கலாம், டர்போ போதிய பூஸ்ட் (காற்றழுத்தம்) தராமல் இருக்கலாம், ஏர் ஃபில்டர் அடைத்திருக்கலாம். மெக்கானிக் முதலில் அங்கே போவார். தேவையில்லாத ஃபில்டர் செட் ஒன்று உங்கள் பில்லில் ஏறாது. வந்து வந்து போகும் குறை என்றால் டேஷ்போர்டு தெரியும்படி வீடியோ எடுத்துக் காட்டுங்கள். மெக்கானிக்கோடு, முடிந்தால் அதே லோடில், ரோடு டெஸ்ட் வேண்டும் என்பதையும் கார்டிலேயே எழுதச் சொல்லுங்கள்.

கையெழுத்துப் போடும் முன் கார்டில் இவையும் இருக்க வேண்டும்: ஓடோமீட்டர் ரீடிங், வண்டி உள்ளே வந்த நேரம், திருப்பித் தரும் தேதியும் நேரமும், "உரிமையாளரின் எழுத்து ஒப்புதல் இல்லாமல் எஸ்டிமேட்டுக்கு மேல் வேலை செய்யக் கூடாது" என்ற வரி, "கழற்றிய பழைய பார்ட்டுகளைக் காட்ட வேண்டும்" என்ற வரி. சர்வீஸ் அட்வைசர் "அதெல்லாம் எழுத வேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்பார். நல்ல மனதோடு சொன்னாலும் நாளை அவர் லீவில் இருப்பார். எழுத இடமில்லை என்றால், அதே வரிகளை அங்கே நின்றபடியே அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, "சரி" என்று பதில் வாங்கிவிட்டு நகருங்கள்.

ஃபால்ட் கோடை அழிக்கும் முன்

ஸ்கேனர் மாட்டியதும் கோடுகளை அழித்துவிட்டு வண்டியைக் கொடுப்பது பல இடங்களில் பழக்கம். அழித்தால் விளக்கு அணையும். அத்தோடு அத்தாட்சியும் போய்விடும். அழிப்பதற்கு முன் பிரின்ட் எடுத்துத் தரச் சொல்லுங்கள், இல்லையென்றால் திரையைப் போட்டோ எடுங்கள்.

ஜே1939 முறையில் (லாரியின் கம்ப்யூட்டர்கள் தமக்குள் தகவல் பரிமாறும் பொதுத் தரம்) ஓடும் வண்டிகளில் ஒரு கோடுக்கு இரண்டு எண்கள் உண்டு. எஸ்பிஎன் எந்தப் பகுதி என்று சொல்லும். எஃப்எம்ஐ அங்கே என்ன கோளாறு என்று சொல்லும். இரண்டாவதைப் பார்க்காமல் பார்ட் மாற்றுவதால்தான் காசு வீணாகிறது. எஸ்பிஎன் 100 என்றால் எஞ்சின் ஆயில் பிரஷர். அதோடு எஃப்எம்ஐ 1 வந்தால், பிரஷர் மிகவும் குறைவாக இருப்பதாகச் சென்சார் சொல்கிறது. எஞ்சினை உடனே நிறுத்தி, மெக்கானிக்கல் கேஜ் மாட்டி அளந்து பார்க்க வேண்டும். எஃப்எம்ஐ 4 வந்தால் சென்சார் சர்க்யூட்டில் வோல்ட்டேஜ் குறைவு. வயர் உரசி பாடியில் பட்டிருக்கலாம், சென்சார் போயிருக்கலாம். எஃப்எம்ஐ 5 என்றால் சர்க்யூட் அறுந்திருக்கலாம். 4, 5 வந்த வண்டியில் வயரிங்கைப் பார்க்காமல் சென்சாரை மாற்றினால் அதே விளக்கு மறுபடி எரியலாம். "எஃப்எம்ஐ என்ன வந்தது?" என்று கேட்கும் ஓட்டுநரிடம் பேசும் தோரணையே மாறும்.

டிபிஎஃப் (புகையிலுள்ள கரியைப் பிடிக்கும் ஃபில்டர்) குறைக்கும் இதே கவனம் வேண்டும். ரீஜெனரேஷன் (சேர்ந்த கரியைச் சூட்டில் எரிப்பது) செய்வார்கள், காசு வாங்குவார்கள், வண்டி சில நாளில் திரும்பி வரும். கரி எரியும், ஆயிலிலிருந்து வரும் சாம்பல் எரியாது, அதைக் கழற்றித்தான் சுத்தம் செய்ய வேண்டும். ரீஜெனுக்கு முன்னும் பின்னும் கரி அளவும் டிபிஎஃப் பிரஷர் வித்தியாசமும் என்ன என்று எழுதி வாங்குங்கள். குறைய வேண்டிய அளவுக்குக் குறையவில்லை என்றால் பெரும்பாலும் சாம்பல். குறைந்து சீக்கிரமே ஏறுகிறது என்றால் முன்னால் ஏதோ ஒன்று கரியை உண்டாக்குகிறது. இன்ஜெக்டர் ஒழுகல், டர்போ ஆயில் சீல், மூடாமல் சிக்கிய ஈஜிஆர் வால்வு (புகையில் ஒரு பகுதியை எஞ்சினுக்கே திருப்பி விடுவது), பூஸ்ட் கசிவு ஆகியவற்றைப் பார்க்காமல் இரண்டாவது ரீஜெனுக்குக் காசு கொடுக்காதீர்கள்.

எஸ்டிமேட்டும் லேபரும்

எஸ்டிமேட்டில் ஒவ்வொரு பார்ட்டுக்கும் பார்ட் எண், ஒவ்வொரு வேலைக்கும் லேபர் மணி தனித்தனியாக இருக்க வேண்டும். "கிளட்ச் வேலை – மொத்தம்" என்று ஒரே வரி இருந்தால் பிரித்துத் தரச் சொல்லுங்கள். முக்கியமாகப் பார்க்க வேண்டியது, ஒரே கழற்றலுக்கு இருமுறை லேபர் போட்டிருக்கிறார்களா என்பது. கிளட்ச் பிளேட் மாற்றவும், கிராங்க் பின்பக்க ஆயில் சீல் மாற்றவும் கியர் பாக்ஸை ஒருமுறை இறக்கினால் போதும். ஒவ்வொரு வேலைக்கும் கம்பெனி நிர்ணயித்த மணிக்கணக்கில் கியர் பாக்ஸ் இறக்கி ஏற்றும் நேரமும் சேர்ந்திருக்கும். இரண்டையும் அப்படியே கூட்டினால் நடக்காத வேலைக்கு நீங்கள் காசு கொடுப்பீர்கள். டர்போ, ஸ்டார்ட்டர் மாதிரி எக்ஸ்சேஞ்சில் வரும் பார்ட்டுகளுக்குப் பழையதைக் கொடுத்தால் எவ்வளவு கழிவு என்பதும் எஸ்டிமேட்டில் வர வேண்டும்.

"வாரண்டியில் வராது" என்றால்

வாயால் சொன்ன மறுப்பை மறுப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கிளெய்ம் கம்பெனிக்கு அனுப்பப்பட்டதா, கிளெய்ம் எண் என்ன, மறுத்தது டீலரா கம்பெனியா, வாரண்டி புத்தகத்தின் எந்த விதிப்படி என்று நான்கு கேள்விகளுக்கும் எழுத்தில் பதில் கேளுங்கள். பல நேரம் கிளெய்ம் அனுப்பப்பட்டே இருக்காது. வாரண்டி வேலைக்குக் கம்பெனி தரும் தொகை, நேரடிப் பில்லில் வருவதைவிடக் குறைவாக இருப்பது உண்டு. பேப்பர் வேலையும் அதிகம். அந்தச் சோம்பலின் விலையை ஓட்டுநர் கொடுக்க வேண்டியதில்லை.

அதிகம் மறுக்கப்படுவது கிளட்ச். "ஹாஃப் கிளட்ச்சில் ஓட்டியிருக்கிறீர்கள்" (கிளட்ச் பெடலைப் பாதி மிதித்தபடியே) என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். பிளேட்டை வெளியே எடுக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். லைனிங் ஈரமாக, ஆயில் வாடையோடு இருந்தால் கிராங்க் பின் சீலோ கியர் பாக்ஸ் இன்புட் ஷாஃப்ட் சீலோ ஒழுகி பிளேட் வழுக்கியிருக்கிறது. அது ஓட்டும் விதத்தால் வருவதல்ல. பிரஷர் பிளேட்டில் நீல நிறத் திட்டுகள் இருந்தால் சூடேறியிருக்கிறது. அதற்கு ஹாஃப் கிளட்ச் காரணமாக இருக்கலாம். பெடல் ஃப்ரீ பிளே (கிளட்ச் வேலை செய்யத் தொடங்கும் முன் பெடல் சும்மா நகரும் தூரம்) இல்லாமல் ரிலீஸ் பேரிங் எப்போதும் அழுத்திக்கொண்டே இருந்ததும், கிளட்ச் சர்வோ முழுதாகத் திரும்பாததும் காரணமாக இருக்கலாம். கடைசி சர்வீஸில் ஃப்ரீ பிளே பார்த்ததாக பில்லில் இருக்கிறதா என்று தேடுங்கள். டேம்பர் ஸ்பிரிங் உடைந்திருந்தாலோ ரிவெட் விட்டிருந்தாலோ நெருக்கத்தில் போட்டோ எடுங்கள். பிளேட்டின் பார்ட் எண்ணும் அதில் தெரிய வேண்டும்.

"யூரியா சரியில்லை" என்பது இன்னொன்று (புகையைச் சுத்தம் செய்யத் தனி டேங்கில் ஊற்றும் கரைசல்). ஐஎஸ்ஓ 22241 தரப்படி யூரியா அளவு 32.5 சதவீதம். ரிஃப்ராக்டோமீட்டரில் (கரைசலில் யூரியா எவ்வளவு என்று காட்டும் கருவி) என்ன ரீடிங் வந்தது என்று எண்ணாக எழுதித் தரச் சொல்லுங்கள். யூரியா வாங்கிய பில்களை வைத்திருங்கள். எஞ்சின் ஆயிலைக் குறை சொன்னால், ஆயிலை இறக்கும்போது நடுவில் வருவதை உலர்ந்த சுத்தமான பாட்டிலில் 100 மி.லி. பிடித்து, தேதியும் கிலோமீட்டரும் எழுதி மூடி வையுங்கள். வெளி லேபில் சோதிக்க உதவும்.

ஒன்றை நினைவில் வையுங்கள். காசு கொடுத்துச் செய்த வேலையில், எக்ஸ்சேஞ்சுக்குக் கொடுக்காத பழைய பார்ட்டைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். வாரண்டியில் மாற்றிய பார்ட்டைக் கம்பெனி சோதிக்கக் கேட்கும் என்பதால் டீலர் கொடுக்க மாட்டார். அங்கே போட்டோ போதும். வாரண்டி முடிய இன்னும் சில நாள்தான் என்றால், சின்னக் குறையையும் முடிவதற்குள் ஜாப் கார்டில் ஏற்றிவிடுங்கள். சரிசெய்வது பிறகு நடந்தாலும், குறை சொன்ன தேதியே பேசும்.

பார்ட் வரவில்லை, நாள் போகிறது

"ஆர்டர் போட்டாச்சு" என்றால் ஆர்டர் எண்ணும் தேதியும் கேளுங்கள். சாதாரண ஸ்டாக் ஆர்டரா, வண்டி நிற்கும்போது போடும் விஓஆர் அவசர ஆர்டரா என்றும் கேளுங்கள். அவசர ஆர்டருக்கு டீலருக்குக் கூடுதல் செலவு ஆகலாம் என்பதால், யாரும் கேட்காவிட்டால் சாதாரணத்திலேயே விட்டுவிடுவது உண்டு. பார்ட் எண் கையில் இருந்தால் மற்ற டீலர்களிடமும் நீங்களே விசாரிக்கலாம்.

சொன்ன நேரம் தாண்டி 24 மணி ஆனால் சர்வீஸ் மேனேஜருக்கு எழுதுங்கள். அடுத்த 48 மணியில் பதில் இல்லையென்றால் அதே மெயிலைத் தொடர்ந்து டீலர்ஷிப் உரிமையாளருக்கும் கம்பெனியின் வாடிக்கையாளர் பிரிவுக்கும் அனுப்பி, புகார் எண் வாங்குங்கள். திட்டும் வார்த்தை ஒன்றும் வேண்டாம். இவ்வளவு போதும்:

"வண்டி எண், சேசிஸ் எண், ஜாப் கார்டு எண் மேலே உள்ளன. 4-ஆம் தேதி காலை 9 மணிக்கு வண்டியை ஒப்படைத்தேன். 6-ஆம் தேதி மாலை தருவதாக ஜாப் கார்டில் உள்ளது. இன்று 8-ஆம் தேதி. பார்ட் ஆர்டர் எண், ஆர்டர் வகை, வரும் தேதி ஆகியவற்றை நாளை மாலை 5 மணிக்குள் எழுத்தில் தெரிவிக்கவும். தாமதத்தால் ஒரு நாளைக்கு ஏற்படும் இழப்பின் கணக்கை இணைத்துள்ளேன்."

அந்தக் கணக்கில் முழு வாடகையையும் போட்டால், மிகைப்படுத்துகிறார் என்று மொத்தத்தையும் தள்ளிவிடுவார்கள். ஒரு நாள் வாடகையிலிருந்து டீசல், டோல், டயர் தேய்மானத்தைக் கழித்து மீதியைப் போடுங்கள். தவணையும் இன்ஷூரன்ஸும் அந்த மீதியிலிருந்துதான் போகும் என்பதால் அவற்றைத் தனியாகக் கூட்ட வேண்டாம். கடைசி சில மாத வாடகைச் சீட்டுகள் ஆதாரம். பணமாகத் தராவிட்டாலும் லேபரில் கழிவு, இலவச சர்வீஸ் என்று பேச அந்தத் தாள் உதவும். வழக்குவரை போக வேண்டியிருந்தால் முதலில் வக்கீலிடம் ஒன்றைக் கேட்டுவிடுங்கள்: பிழைப்புக்காகத் தானே ஓட்டும் வண்டியை நுகர்வோர் சட்டம் ஏற்குமா, வணிகப் பயன்பாடு என்று தள்ளுமா என்பது நாட்டுக்கு நாடு மாறும்.

வண்டியை எடுக்கும்போது

பில்லையும் ஜாப் கார்டையும் வரிக்கு வரி ஒப்பிடுங்கள். மாற்றிய பார்ட்டுக்கு வாரண்டி எத்தனை மாதம், அது தனியாக ஓடுமா, வண்டியின் மீதி வாரண்டியோடு முடியுமா என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள். பணம் கட்டும் முன் ரோடு டெஸ்ட். பிரேக் வேலை நடந்திருந்தால் ஏர் முழுதாக ஏறிய பிறகு எஞ்சினை நிறுத்தி, ஒரு நிமிடம் பெடலை மிதித்தபடி கேஜ் முள் தொடர்ந்து இறங்குகிறதா என்று பாருங்கள். சக்கரம் கழற்றியிருந்தால் 50 முதல் 100 கிலோமீட்டருக்குள் வீல் நட்டுகளைக் குறிப்பிட்ட டார்க்கில் மறுபடி இறுக்க வேண்டும்.

குறை அப்படியே இருந்து, வேறு வழியில்லாமல் பணம் கட்டித்தான் வண்டியை எடுக்க வேண்டும் என்றால், பில்லின் இரு பிரதியிலும் "குறை தீரவில்லை, ஆட்சேபத்துடன் பணம் செலுத்துகிறேன்" என்று எழுதிக் கையெழுத்திட்டு உடனே போட்டோ எடுங்கள். இந்த டீலரே வேண்டாம் என்று முடிவெடுத்தால், வண்டியின் முழு சர்வீஸ் ஹிஸ்டரியையும் சேசிஸ் எண்ணில் பிரின்ட் எடுத்துக்கொண்டு வாருங்கள். அதே கம்பெனியின் வேறு டீலரிடம் போனாலும் பொதுவாக வாரண்டி அப்படியே தொடரும்.