கொங்குப் பக்கம் புதிதாக வந்தவர்களுக்கு: தூக்கப் பரிசோதனை வீட்டிலா, மருத்துவமனையிலா?

மலேசியாவிலிருந்தோ வளைகுடாவிலிருந்தோ கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் குடிவந்திருக்கிறீர்கள். வீடு, பள்ளிக்கூடம் எல்லாம் அமைந்த பிறகும் பகலெல்லாம் கண் சொக்குகிறது. பக்கத்து வீட்டில் சொன்னால், "புது ஊருத் தண்ணிங்க, போகப் போகச் சரியாப் போயிருமுங்க" என்பார்கள். பலத்த குறட்டை, நடுவில் மூச்சு நின்று திணறி விழிப்பது, காலைத் தலைவலி, மாத்திரைக்கும் இறங்காத ரத்த அழுத்தம் இவையும் சேர்ந்திருந்தால் அப்படி விட்டுவிடாதீர்கள். தூக்கத்தில் மூச்சு தடைப்படும் நோயாக (ஸ்லீப் ஆப்னியா) இருக்கலாம்; அதைக் கண்டறியத்தான் தூக்கப் பரிசோதனை. நெஞ்சக மருத்துவரையோ காது மூக்கு தொண்டை மருத்துவரையோ பாருங்கள். பக்கத்தில் படுப்பவரையும் கூட்டிப் போங்கள். இரவில் நடப்பது அவருக்குத்தான் தெரியும்.

வேறு பெரிய நோய் இல்லாதவர் என்றால் பெரும்பாலும் வீட்டுப் பரிசோதனையே போதும். மூக்கில் சிறு குழாய், நெஞ்சில் ஒரு பட்டை, விரலில் ஆக்சிஜன் கிளிப், அவ்வளவுதான். செலவும் குறைவு. பனியன் கம்பெனியிலோ நூற்பாலையிலோ நைட் ஷிப்ட் பார்க்கிறவர், தான் தூங்கும் பகல் நேரத்திலேயே மாட்டிக்கொள்ள முடியுமா என்று மருத்துவரிடம் முன்பே கேட்டுவிடுவது நல்லது.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். வீட்டுக் கருவிகளில் பெரும்பாலானவை மூளை அலையைப் பதிவதில்லை. நீங்கள் தூங்கினீர்களா, புரண்டு கிடந்தீர்களா என்று அவற்றுக்குத் தெரியாது. விழித்திருந்த நேரமும் கணக்கில் சேர்வதால், மணிக்கு எத்தனை முறை மூச்சு தடைப்பட்டது என்ற எண் குறைந்து வரலாம். 5க்குக் கீழே வந்தால் நார்மல் என்று எழுதுவார்கள்; 30க்கு மேல் என்றால் கடுமை. நார்மல் என்று வந்தும் கண் சொக்குவது நிற்கவில்லையா? அந்தத் தாளோடு திரும்பப் போய், மருத்துவமனையின் தூக்க லேபில் ஒரு இரவு பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

இதயச் செயலிழப்பு, நாள்பட்ட நுரையீரல் நோய், பக்கவாதம் உள்ளவர்களுக்கு முதலிலேயே லேப்தான். தூக்கத்தில் நடப்பவர், பேசிக்கொண்டிருக்கும்போதே தூங்கி விழுபவர் ஆகியோருக்கும் அப்படியே. தலை, கண்ணோரம், தாடை, கால் என்று வயர் ஒட்டி, டெக்னீஷியன் விடியும்வரை கவனிப்பார். தடை அதிகமாக இருந்தால் சில இடங்களில் அதே இரவின் பின்பாதியில், முகமூடி வழியாகக் காற்றைச் செலுத்தி மூச்சுப் பாதை அடைபடாமல் வைக்கும் சிபேப் கருவியை மாட்டி, எவ்வளவு காற்றழுத்தம் தேவை என்றும் பார்த்துவிடுவார்கள். தலைக்குக் குளித்துவிட்டுப் போங்கள். தேங்காய் எண்ணெய் வைத்தால் வயர் ஒட்டாது. மதியத்துக்கு மேல் காபி வேண்டாம்.

அப்புறம், கார், லாரி ஓட்டுகிறவர்கள் சிகிச்சை தொடங்கித் தூக்கக் கலக்கம் தீரும்வரை இரவு ஓட்டத்தை வேறொருவரிடம் விடுங்கள்.