காப்பாற்றிய பிறகு செய்யும் தவறுகள்: பழைய மரத் தேவாலயம் கலையரங்கமாகும்போது

நியூசிலாந்தின் வெலிங்டன் நகரில், முல்கிரேவ் தெருவில், ஓல்டு செயின்ட் பால்ஸ் என்று ஒரு மரத் தேவாலயம் இருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் வெள்ளை பெயிண்ட் அடித்த சாதாரணப் பலகைக் கட்டடம்தான். உள்ளே நுழைந்தால் டோட்டாரா, மட்டாய், ரிமு, கௌரி என அந்த மண்ணின் மரங்களில் செய்த தூண்களும் வளைவுகளும். பெரிய கப்பலைக் கவிழ்த்துப்போட்டு அதற்குள் நிற்பதுபோல இருக்கும். 1848 நிலநடுக்கத்தில் செங்கல் சுவர்கள் சரிந்ததைப் பார்த்து மரத்துக்கு மாறிய ஊர் அது. 1855-ல் வந்த இன்னும் பெரிய நிலநடுக்கம் அந்த முடிவு சரிதான் என்று காட்டியது. பாதிரியாரும் கட்டடக் கலைஞருமான ஃபிரெடரிக் தாட்சர் இங்கிலாந்தின் கோதிக் பாணியை மரத்திலேயே இழைத்து, 1866-ல் இந்தக் கோயிலை எழுப்பினார்.

சுமார் நூறு வருஷம் கழித்து, 1964-ல், பக்கத்தில் புதிய பேராலயம் வந்தது. பழையதை இடித்துவிடலாம் என்ற பேச்சு எழுந்தது. ஊர்மக்கள் விடவில்லை. 1967-ல் அரசாங்கம் அதை வாங்கியது. இன்று அங்கே கச்சேரி, கல்யாணம், இரங்கல் கூட்டம் எல்லாம் நடக்கின்றன.

இந்த மாதிரிக் கதைகளை ‘மீட்டுவிட்டார்கள்’ என்ற இடத்திலேயே முடித்துவிடும் பழக்கம் நமக்கு உண்டு. மரக் கட்டடத்துக்கு ஆபத்து ஆரம்பிப்பதே அதற்கு அப்புறம்தான். இடிக்க வந்தவர்களை எதிர்த்துப் போராடலாம். ஆசையாக பெயிண்ட் டப்பாவையும் ஹீட்டரையும் தூக்கிக்கொண்டு வருகிறவரை என்ன செய்வது?

முதல் ஆசை, கட்டிய நாளில் இருந்தது போலவே ஆக்கிவிடுவது. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் ஓல்டு செயின்ட் பால்ஸின் பக்கவாட்டுச் சிறகுகள் இரண்டும் 1868, 1874-ல் சேர்த்தவை. அதன் பிறகும் கட்டடம் வளர்ந்தது. வெலிங்டன் காற்று லேசுப்பட்டதல்ல. நீளமான மரக்கூடு ஒன்றுக்கு இப்படிப் பக்கவாட்டில் கட்டிய பகுதிகள் முட்டுக்கொடுத்தது போல. ‘இது பிற்பாடு வந்தது’ என்று பிடுங்கி எறிந்தால் வரலாறும் போகும், பிடிமானமும் போகும். நார்வேயின் ஹெடால் மரத் தேவாலயத்தை 1849 முதல் 1851 வரை பெரிதாகப் புதுப்பித்தார்கள். இடைக்காலக் கோயில் எப்படி இருந்தது என்ற அறிவு அப்போது போதாது. நூறு வருஷம் கழித்து, 1950-களில், அந்தப் புதுப்பிப்பைத் திருத்துவதே தனி வேலையாகிவிட்டது.

அடுத்தது ஈரம். மரம் பெரும்பாலும் அடியிலிருந்துதான் சாகும். ஒரு கூரான ஊசியோ சின்ன ஸ்க்ரூடிரைவரோ எடுத்துக்கொண்டு, சுவரின் அடிச்சட்டம் அஸ்திவாரக் கல்லைத் தொடும் இடத்தில் அழுத்திப் பாருங்கள். நல்ல மரம் எதிர்த்து நிற்கும். மக்கிய மரத்தில் நனைந்த பிஸ்கட்டில் இறங்குவது போல இறங்கும். மேலே பெயிண்ட் அப்போதும் பளபளவென்றுதான் இருக்கும். அதுதான் ஏமாற்றுவது. காய்ந்த மரத்தின் எடையோடு ஒப்பிட்டு ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே நிற்கும்வரை, மக்கவைக்கும் பூஞ்சைக்கு அங்கே வேலையில்லை. அந்த அளவைத் தாண்டவைப்பவை எல்லாம் சில்லறை விஷயங்கள்: இலை அடைத்த கூரை வாய்க்கால், சுவரோரம் மண்ணைக் குவித்து வைத்த பூச்செடி, எலி வருகிறது என்று அடைத்துவிட்ட தரையடிக் காற்றுத் துவாரம். பழைய ஆளிவிதை எண்ணெய் பெயிண்டின் மேல் பிளாஸ்டிக் பெயிண்ட் அடித்தால் ஒரு படலம் போர்த்தியது போலாகிவிடும். உள்ளே நுழைந்த தண்ணீருக்கு வெளியேற வழி இருக்காது. விரிசலை எல்லாம் சிலிக்கான் வைத்து அடைப்பதும் இதே வகைதான். கூரை வாய்க்கால் சுத்தம் செய்ய ஏணி பிடிக்கும் ஆளுக்குப் பொன்னாடை போர்த்த யாரும் வருவதில்லை என்பது வேறு கதை.

கலையரங்கமாக மாற்றும்போது பலரும் சறுக்குவது சூடேற்றுவதில். குளிர்தேசம், மாலை ஏழு மணிக்குக் கச்சேரி. மதியமே ஹீட்டரைப் போட்டு, பூஜ்ஜியம் டிகிரியில் கிடந்த கூடத்தை 20 டிகிரிக்கு ஏற்றுகிறார்கள். 80 சதவீதமாக இருந்த காற்றின் ஈரப்பதம் இருபது சொச்சத்துக்கு விழுகிறது. மரத்தின் மேல்தோல் மட்டும் அவசரமாகக் காய்ந்து சுருங்கும், உள்மரம் சுருங்காது, அதனால் பிளக்கும். அதன்மேல் ஓவியம் இருந்தால், வர்ணப்பூச்சால் மரத்தோடு சேர்ந்து சுருங்க முடியாமல் செதில் செதிலாக எழும்பும். கச்சேரி முடிந்ததும் ஹீட்டரை அணைத்துவிட்டுப் போவார்கள். அடுத்த வாரம் மறுபடியும் அதே கூத்து. கூட்டத்தைச் சூடாக்கினால் போதும், கூரையைச் சூடாக்க வேண்டியதில்லை. இத்தாலியின் ரோக்கா பியெத்தோரே கிராமத் தேவாலயத்தில் பெஞ்சுகளோடு பொருத்திய மென்சூட்டுத் தகடுகளை இப்படித்தான் சோதித்துப் பார்த்தார்கள். பின்லாந்தின் பெத்தாயாவெசியில் 1760-களில் கட்டிய, யுனெஸ்கோ பட்டியலில் உள்ள மரத் தேவாலயத்தில் சூடேற்றும் வசதியே கிடையாது. கோடையில் கூடுகிறார்கள், அவ்வளவுதான். வருஷம் முழுக்க நிகழ்ச்சி நடத்தியே ஆகவேண்டும் என்று கட்டடம் நம்மிடம் கேட்கவில்லையே.

பெஞ்சுகளை மொத்தமாக அப்புறப்படுத்தித் தரையில் கம்பளம் விரிப்பதும் அடிக்கடி நடப்பது. போலந்தின் ஷ்விட்னிட்சாவில் மரம், களிமண், வைக்கோல் கொண்டு 1650-களில் எழுப்பிய அமைதித் தேவாலயத்தில் இன்று ஜெர்மன் இசைமேதை பாக்கின் பெயரில் இசை விழா நடக்கிறது. அங்கே ஒலி ஏறி இறங்குவது அடுக்கடுக்கான மர மாடங்களில்தான். கம்பளம் அப்படிப்பட்ட ஒலியைக் குடித்துவிடும், அடியில் ஈரத்தையும் பிடித்துவைக்கும். எல்லா பெஞ்சும் அசையாமல் இருக்கவேண்டும் என்றில்லை. சிலவற்றை நகர்த்தக்கூடியதாக ஆக்கலாம், எது எங்கே இருந்தது என்று எண்ணிட்டுப் படமெடுத்த பிறகு.

பழைய பொருளைப் புது வேலைக்குப் பயன்படுத்துவது என்றதும், அதே வெலிங்டனின் தெ பாப்பா அருங்காட்சியகத்தில் இருக்கும், தமிழ் எழுத்து பொறித்த மணி ஞாபகம் வருகிறது. ‘முகையதீன் வக்குசு’ என்பவரின் கப்பல் மணி. நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரிப் பெண்கள் அதில் உருளைக்கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்தார்கள். வில்லியம் கொலென்ஸோ என்ற மதபோதகர் ஓர் இரும்புப் பாத்திரத்தைக் கொடுத்து அதை வாங்கினார். அடுப்பில் ஏறியதால்தான் மணி பிழைத்தது என்று எனக்குத் தோன்றும். அவர்கள் அதற்காக அதை உருக்கவும் இல்லை, எழுத்தை ராவவும் இல்லை.

பழுதான மரத்தை முழுதாக மாற்றுவது ஒப்பந்தக்காரருக்கு வசதி. பத்தடித் தூணில் மக்கியது அடியில் ஓரடிதான் என்றால் அந்த ஓரடியை வெட்டி, அதே வகை மரத்தை அதே ரேகைப் போக்கில் வைத்து, சாய்வாகப் பொருத்திச் சேர்க்கலாம். நல்ல ஆசாரிக்கு இது புதிதல்ல. மேலே இருக்கும் ஒன்பதடியில் உளித்தடமும் பழைய குறிகளும் பிழைத்துவிடும். நார்வேயில் 2001-லிருந்து 2015 வரை 28 இடைக்கால மரத் தேவாலயங்களைப் பழுது பார்த்தார்கள். பழைய முறையில் மரம் தேர்ந்து இழைக்கத் தெரிந்த கைகளைத் தயார்செய்வதும் அதில் ஒரு பங்கு. வெளிப்பலகைக்கு அங்கே பூசுவது பைன் மரத்திலிருந்து வடிக்கும் தார்.

கடைசியாக, தீ. அரங்கம் என்றால் மேடை விளக்கு, தற்காலிக வயர், மெழுகுவர்த்தி ஏற்றலாமா என்று கேட்கும் கல்யாண வீட்டார். பழுதுபார்க்கும் நாட்களில் ஆபத்து இன்னும் கூடும். பழைய பெயிண்டைச் சுட்டு உரிப்பது, கூரையில் வெல்டிங் வைப்பது இரண்டும் வேண்டவே வேண்டாம். பலகை இடுக்கில் விழுந்த பொறி வேலையாட்கள் வீட்டுக்குப் போன பிறகு, மணிக்கணக்கில் கனன்று எழும். தீவைப்பவர்களும் உண்டு: நார்வேயின் ஃபான்டாஃப்ட் தேவாலயம் 1992-ல் அப்படித்தான் எரிந்தது. சுவீடனின் சோத்ரா ரோதா மரத் தேவாலயம் 2001-ல்.

இதனால்தான் முழுக் கட்டடத்தையும் அளந்து வரைந்து, மரங்கள் சேரும் ஒவ்வொரு இணைப்பையும் படமெடுத்து, ஒரு பிரதியை வேறு கட்டடத்தில் வைப்பதைத் தள்ளிப்போடக்கூடாது. சோத்ரா ரோதா எரிவதற்கு முன்பே ஆய்வாளர்கள் அதை அளந்து பதிந்து வைத்திருந்தார்கள். அதை வைத்து, இடைக்காலக் கோடரி வேலையை மறுபடி கற்றுக்கொண்டு, அதே இடத்தில் மரச்சுவர்களை எழுப்ப முடிந்தது. 1323-லும் 1494-லும் அந்தச் சுவர்களில் தீட்டிய ஓவியங்கள் சாம்பலோடு போயின.