படகு எஞ்சின் ஸ்டார்ட் ஆகவில்லையா? கார்ப்ரெட்டரைக் கடைசியில் கழற்றுங்கள்

சிங்கப்பூரில் பொங்கோலிலோ சாங்கியிலோ படகை இறக்கி, உபின் தீவுப் பக்கம் மீன் பிடிக்கக் கிளம்பும் நேரம் பார்த்துத்தான் எஞ்சின் மக்கர் பண்ணும். உடனே பலரும் பெட்ரோலையும் காற்றையும் கலந்து தரும் கார்ப்ரெட்டரில் கை வைக்கிறார்கள். அவசரப்பட வேண்டாம். பெட்ரோல் டேங்கிலிருந்து பொறி தரும் பிளக்குக்குப் போகும் வழியிலேயே நீங்களும் போங்கள். படகின் பின்புறம் மாட்டி, கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்யும் சிறிய அவுட்போர்டு எஞ்சினை வைத்துச் சொல்கிறேன்.

முதலில் கியர் நியூட்ரலில் இருக்கிறதா, எஞ்சினை அவசரத்தில் நிறுத்தும் கில் சுவிட்சின் கிளிப் மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். டேங்க் மூடியில் உள்ள காற்றுத் திருகையும் திறந்து வையுங்கள். டேங்குக்குள் காற்று போகாமல் பெட்ரோல் வெளியே வராது.

அடுத்து பெட்ரோல் ஹோஸின் நடுவே உள்ள ரப்பர் பல்பு. அதன் அம்புக்குறி எஞ்சினைப் பார்த்திருக்க வேண்டும். அந்த முனை மேலே இருக்கும்படி பிடித்து அமுக்குங்கள். கொஞ்ச நேரத்தில் கெட்டியாகிவிட்டால் சரி. எவ்வளவு அமுக்கியும் தொளதொளவென்றே இருந்தால், இணைப்பில் எங்கோ காற்று இழுக்கிறது அல்லது பல்புக்குள் இருக்கும் வால்வு போய்விட்டது. அமுங்கியது அமுங்கியபடியே நின்றால் டேங்க் பக்கம் அடைப்பு. கார்ப்ரெட்டரிலிருந்து பெட்ரோல் வழிந்தால் அதற்குள் பெட்ரோல் வரத்தை அடைக்கும் மிதவை ஊசி சிக்கியிருக்கிறது.

எஞ்சின் குளிர்ந்திருந்தால் மட்டும், காற்றைக் குறைத்துப் பெட்ரோலைக் கூட்டும் சோக்கைப் போடுங்கள். நாலைந்து முறை இழுத்தும் பலனில்லை என்றால் நிறுத்திவிட்டுப் பிளக்கைக் கழற்றுங்கள். எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இது. பாதி விடை பிளக்கின் முனையிலேயே தெரிந்துவிடும்.

ஈரமாக இருந்தால் பெட்ரோல் வருகிறது. ஒன்று அளவுக்கு மீறி வருகிறது, இல்லையென்றால் பொறி இல்லை. கில் சுவிட்ச் கிளிப்பை எடுத்துவிட்டு, பிளக் இல்லாமலே சில முறை கயிற்றை இழுங்கள். தேங்கிய பெட்ரோல் வெளியேறிவிடும். பிளக்கைத் துடைத்து மாட்டி, கிளிப்பையும் மறுபடி போட்டு, சோக் இல்லாமல் முயலுங்கள். அப்போதும் ஆகவில்லை என்றால் ஸ்பார்க் டெஸ்டர் மாட்டிப் பொறியைச் சோதிக்கலாம். பிளக்கின் துளையைத் திறந்து வைத்துக்கொண்டு பொறி பார்க்கவே கூடாது. பெட்ரோல் ஆவி பற்றிக்கொள்ளும்.

பிளக் காய்ந்திருந்தால் பெட்ரோல் வந்து சேரவில்லை. கார்ப்ரெட்டரில் பெட்ரோல் தேங்கும் கிண்ணத்தின் அடித்திருகைத் தளர்த்தி, வருவதை ஒரு கண்ணாடிக் குப்பியில் பிடித்து வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். தண்ணீர் கலந்திருந்தால் அடியில் முத்து முத்தாக உருளும். அரைகுறையாக நிரம்பிய டேங்கை சிங்கப்பூரின் ஈரக்காற்றில் வாரக்கணக்கில் விட்டுவைத்தால் தண்ணீர் சேர வாய்ப்புண்டு. அந்தப் பெட்ரோலைக் கடலில் கொட்டாதீர்கள். மூடிய கேனில் எடுத்துப்போங்கள்.

சோக் போட்டால் ஓடி, எடுத்ததும் நின்றுவிடுகிறதா? பெரும்பாலும் கார்ப்ரெட்டருக்குள் மெதுவான ஓட்டத்துக்குப் பெட்ரோல் விடும் சிறு துளையான பைலட் ஜெட்டில் அடைப்புதான். இப்போது கார்ப்ரெட்டரைக் கழற்றலாம். ஜெட்டில் கிளீனர் அடித்துக் காற்றால் ஊதுங்கள். கம்பி விட்டுக் குத்தினால் துளை பெரிதாகிவிடும். அப்புறம், சோதிக்கும்போதும் தண்ணீர் இல்லாமல் எஞ்சினை ஓட்டாதீர்கள், குளிர்விக்கத் தண்ணீர் இறைக்கும் இம்பெல்லர் கருகிவிடும்.

கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் ஓடவிட்டுக் கழுவும்போதே பெட்ரோல் ஹோஸைப் பிடுங்கிவிடுங்கள். கிண்ணத்தில் மிச்சமிருப்பதையும் குடித்துவிட்டு எஞ்சின் தானாக நிற்கட்டும். ஜெட்டில் பிசின் படியாது.