போக்கர் போட்டிகளைத் தொழிலாகக் கொள்ளும் முன் போட வேண்டிய கணக்கு

போக்கர் வீரர்களின் வாழ்நாள் வெற்றித் தொகை என்று பட்டியலிடப்படும் எண்களை நம்பி இத்தொழிலில் இறங்க வேண்டாம். அவை கையில் வாங்கிய பரிசை மட்டுமே காட்டுகின்றன; தோற்ற போட்டிகளுக்குக் கட்டிய நுழைவுக் கட்டணமோ, பயணச் செலவோ, பணம் போட்டவருக்குப் போன பங்கோ அவற்றில் கழிக்கப்படுவதில்லை. எனவே ஆடிய ஒவ்வொரு போட்டிக்கும் கட்டணம், பரிசு, செலவு மூன்றையும் எழுதி வைக்கும் பேரேடு ஒன்றை முதலில் தொடங்குங்கள்.

ஓராண்டில் 1,000 டாலர் கட்டணமுள்ள 50 போட்டிகளில் அமர்கிறீர்கள் என்று வையுங்கள். போட்ட பணத்தில் 20 சதவீத லாபம் ஈட்டுவது நல்ல ஆட்டம்தான். ஆனாலும் 50,000 டாலருக்கு மிஞ்சுவது 10,000 டாலர், அதையும் விமானமும் விடுதியும் எளிதில் விழுங்கிவிடும். இணையத்தில் ஒரே மாலையில் பல மேசைகளில் ஆட முடிவதால், ஆண்டுக்கு ஆயிரக்கணக்கான போட்டிகளை எட்டி, தன் உண்மையான லாப விகிதத்தை ஓரளவு அறிய முடிகிறது. அந்த எண்ணிக்கை சேராமல் வேலையை விடுவது அவசரம்.

பொதுவாகப் பங்கேற்பவர்களில் ஏறத்தாழ 15 சதவீதத்தினருக்கே பரிசு கிடைக்கிறது; அதிலும் பெரும்பகுதி முதல் சில இடங்களுக்குப் போய்விடுவதால், திறமையுள்ளவரும் மாதக்கணக்கில் வெறுங்கையோடு எழுந்து வருவார். ஆகவே ஆட்ட முதலாகக் குறைந்தது 100 நுழைவுக் கட்டணங்களையும், ஆயிரம் பேர் ஆடும் இணையப் போட்டிகளென்றால் அதைவிட மிகுதியாகவும் வைத்துக்கொண்டு, குடும்பச் செலவுக்கான பணத்தைத் தனியே ஒதுக்குங்கள். போக்கரின் மிகப் பெரிய போட்டித் தொடரான உலகத் தொடரின் (World Series of Poker) முதன்மைப் போட்டியை 1980, 1981, 1997 ஆகிய ஆண்டுகளில் வென்ற ஸ்டூ உங்கர், பந்தயத்திலும் போதையிலும் பணத்தை இழந்து 1998-இல் ஏறத்தாழ ஒன்றுமில்லாதவராக இறந்தார்.

ஆட்டப் பயிற்சியில் அதிக நேரத்தைப் பெறத் தக்கது, சிப்ஸின் (பந்தயம் கட்டும் வில்லைகளின்) பண மதிப்பைக் கணிக்கும் ஐசிஎம் முறை. சிப்ஸ் இரட்டிப்பானால் உங்கள் பங்கின் மதிப்பு இரட்டிப்பாவதில்லை. இழக்கும் சிப்ஸ், அதே அளவு வெல்லும் சிப்ஸைவிட விலை உயர்ந்தது. பெரிய போட்டிக்கான இடத்தையே பரிசாகத் தரும் சேட்டிலைட்டில் இது பளிச்செனத் தெரியும்: பத்து இடங்கள் இருந்தால் முதலாமவருக்கும் பத்தாமவருக்கும் ஒரே பரிசு என்பதால், போதிய சிப்ஸ் வைத்திருப்பவர் மிக வலிமையான தொடக்கச் சீட்டுகளான இரண்டு ஏஸ் வந்தாலும் மடக்கி வைப்பதே (ஆடாமல் விலகுவதே) சரியாகும் கட்டங்கள் உண்டு. முதன்முறை கேட்பவர் இதை நம்புவதே இல்லை. சிப்ஸ் பத்து பிக் பிளைண்டுக்குக் (ஆட்டம் தொடங்குமுன் கட்டாயமாக வைக்கும் பெரிய பந்தயத்துக்கு) கீழே இறங்கினால் ஆல்-இன் போவதா (எல்லாச் சிப்ஸையும் வைப்பதா) மடக்குவதா என்பதே பெரும்பாலும் மிஞ்சும் கேள்வி. அதற்கான அட்டவணைகளை மனப்பாடம் செய்துவிடலாம்.

2003-இல் கிறிஸ் மணிமேக்கர் என்ற கணக்கர் 86 டாலர் சேட்டிலைட் வழியாக அதே உலகத் தொடரின் முதன்மைப் போட்டியில் நுழைந்து, 838 பேரை முந்தி 25 லட்சம் டாலர் வென்றார். அவரைப் பார்த்துச் சேட்டிலைட் ஆடுங்கள், ஆனால் அவரைப் போல ஆகிவிடுவோம் என்று வரவுசெலவுத் திட்டம் போடாதீர்கள்.

முதல் போதாதவர்கள் தங்கள் பங்கை விற்பது வழக்கம். 1,000 டாலர் போட்டியில் பாதியை 1.2 மார்க்கப்பில், அதாவது அடக்க விலையின் 1.2 மடங்குக்கு, விற்றால் 600 டாலர் வரும். உங்கள் பாதிக்கு 400 டாலர் போட்டால் போதும். ஆனால் ஒருவரே எல்லாச் செலவையும் ஏற்கும் ஸ்டேக்கிங் ஒப்பந்தத்தில், நட்டம் மேக்கப் என்ற பெயரில் சேர்ந்துகொண்டே வரும். அதை அடைத்த பிறகே லாபத்தில் உங்களுக்குப் பங்கு. ஒப்பந்தம் முறிந்தால் அந்தப் பாக்கி என்ன ஆகும் என்பதை முதல் நாளே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

இணைய ஆட்டத்துக்கான சட்டமும் பரிசு வரியும் நாட்டுக்கு நாடு வேறுபடும். அமெரிக்காவில் வரி உடன்படிக்கைச் சலுகை இல்லாத வெளிநாட்டவரின் வெற்றியில் 30 சதவீதம் பிடித்துக்கொள்ளப்படுகிறது. பங்கு விற்கும்போது மார்க்கப்பைப் பேசுவதற்கு முன்பே அந்தப் பிடித்தம் யார் கணக்கில் சேரும் என்று தீர்த்துக்கொள்ளுங்கள்.