பொத்தானை அழுத்தியும் சூடு ஏறாத பெல்லட் அடுப்பு

எங்கள் வீட்டில், மரத்தூளை அழுத்திச் செய்த சின்னத் துண்டுகளை (பெல்லட்) எரித்து அறையைச் சூடாக்கும் பெல்லட் அடுப்பு இருக்கிறது. அதில் சூட்டை 1-லிருந்து 5-க்கு ஏற்றினால் விளக்கு மட்டும்தான் மாறும். தீ அப்படியே சின்னதாக எரியும். கொஞ்ச நேரத்தில் அடுப்பே அணைந்துவிடும். அடுப்பை இயக்கும் மின்பலகையான கன்ட்ரோல் போர்டு போய்விட்டது என்றே நினைத்தேன்.

பிளக்கைப் பிடுங்கிச் சில நிமிடம் கழித்துச் செருகினேன். மாற்றமில்லை. அறையின் சூட்டைப் பார்த்து அடுப்பைக் கட்டுப்படுத்தும் சுவர் தெர்மோஸ்டாட்டின் கம்பியைக் கழற்றியும் பார்த்தேன். அதுவும் காரணமில்லை.

அப்புறம்தான் உறைத்தது. பற்றவைக்கும் கட்டத்தில் இந்த போர்டு நாம் அழுத்துவதைக் கேட்காது. புகை போகும் வழியில் இருக்கும் வெப்ப சென்சார், தீ பிடித்துவிட்டது என்று சொன்ன பிறகே கேட்கும். சொல்லாவிட்டால் அடுப்பை அணைத்துவிடும்.

அடுப்பு முழுக்க ஆறியதும், பிளக்கை எடுத்துவிட்டுப் பக்கவாட்டு மூடியைத் திறந்தேன். சென்சாரின் சின்ன முனைமேல் சாம்பலும் கரியும் தோல்போலப் படிந்திருந்தன. உலர்ந்த துணியால் மெதுவாகத் துடைத்தேன். இணைப்பையும் கழற்றி இறுக்கிச் செருகினேன். பெல்லட் விழுந்து எரியும் கிண்ணத்தின் துளைகளை அடைத்திருந்த சாம்பல் கட்டியையும் குத்தி எடுத்தேன்.

மறுபடி பற்றவைத்து, தீ நிலைத்ததும் 4-ஐ அழுத்தினேன். பெல்லட் மளமளவென்று விழுந்தது. சற்று நேரத்தில் தீ நிமிர்ந்து நின்றது.