ஒரு நாளைக்கு எவ்வளவு ஆகும்? மலிவான நாடுகளின் பயணச் செலவை நாமே ஒப்பிடும் முறை

வியட்நாமில் ஒரு நாளைக்கு இவ்வளவு, அல்பேனியாவில் இவ்வளவு, குவாத்தமாலாவில் இவ்வளவு என்று பட்டியல் போட்டுத் தரும் கட்டுரைகள் இணையத்தில் கொட்டிக் கிடக்கின்றன. அந்த எண்ணைப் போட்டவர் தனியாகப் போனாரா, துணையோடு போனாரா, எந்த மாதத்தில் போனார், விசாவையும் விமான டிக்கெட்டையும் சேர்த்தாரா என்பதெல்லாம் பெரும்பாலும் அங்கே இருக்காது. அதனால்தான் இரண்டு கட்டுரைகளை அருகருகே வைத்தால் கணக்கு உதைக்கிறது. ஒரு நாள் செலவை ஊரின் விலைவாசி மட்டும் தீர்மானிப்பதில்லை. எத்தனை நாள் தங்குகிறீர்கள், எத்தனை முறை ஊர் மாறுகிறீர்கள் என்பதும் சேர்ந்தே தீர்மானிக்கிறது. ஆகவே அடுத்தவர் எண்ணைக் கடன் வாங்காமல் உங்கள் எண்ணை நீங்களே போடுங்கள். எக்செல்லோ கூகுள் ஷீட்ஸோ ஏதாவது ஒன்று போதும்.

படி 1: உங்கள் 'ஒரு நாள்' என்னவென்று எழுதுங்கள்

விலை தேடுவதற்கு முன்னால், நீங்கள் பயணத்தில் ஒரு சாதாரண நாளை எப்படிக் கழிப்பீர்கள் என்று வரிசை வரிசையாக எழுதிக்கொள்ளுங்கள். படுக்க ஓர் இடம், மூன்று வேளைச் சாப்பாடு, குடிநீர், காபி அல்லது டீ, ஊருக்குள் இரண்டு முறை போக வர, போன் டேட்டா. துணி துவைக்கும் செலவையும் சேருங்கள். அதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள்.

இந்தப் பட்டியல் எல்லா ஊருக்கும் ஒன்றாகவே இருக்க வேண்டும். ஓர் ஊருக்கு ஹாஸ்டல் படுக்கை, இன்னோர் ஊருக்கு ஏசி அறை என்று போட்டால் அது ஒப்பீடே ஆகாது. தனியாகப் போகிறீர்களா, இருவரா என்பதையும் இங்கேயே முடிவு செய்துவிடுங்கள். ஹாஸ்டல் படுக்கை 10 டாலர், தனியறை 24 டாலர் என்று வைத்துக்கொள்வோம். இருவராகப் போனால் தனியறைக்கே தலைக்கு 12 டாலர்தான். தனி ஆளுக்கோ அதே அறை 24. குடும்பங்கள் நடத்தும் விருந்தினர் இல்லங்கள் அதிகமுள்ள ஜார்ஜியா போன்ற நாடுகள் இருவருக்கு மலிவாகத் தெரிவதும், தனியாகப் போகிறவருக்கு அவ்வளவு மலிவாகத் தெரியாததும் இதனால்தான்.

படி 2: பிராந்தியத்தை விட்டுவிட்டு ஊரைப் பிடியுங்கள்

'தென்கிழக்கு ஆசியா மலிவு' என்ற வாக்கியத்துக்குள் லாவோஸும் இருக்கிறது, சிங்கப்பூரும் இருக்கிறது. மத்திய அமெரிக்காவில் நிகராகுவாவுக்கும் கோஸ்டா ரிக்காவுக்கும் எல்லை ஒன்றுதான், விலைவாசி வேறு. தென்கிழக்கு ஐரோப்பாவின் பால்கன் நாடுகளில் குரோஷியக் கடற்கரையையும் வடக்கு மாசிடோனியாவையும் ஒரே சராசரியில் அடைக்க முடியாது. எனவே ஒரு நாட்டுக்கு மூன்று ஊர்களைத் தேர்ந்தெடுங்கள்: ஒரு தலைநகரம், சுற்றுலாப் பயணிகள் மொய்க்கும் ஓர் ஊர், அவ்வளவாக யாரும் போகாத ஒரு நடுத்தர ஊர். வியட்நாம் என்றால் ஹனோய், ஹோய் ஆன், குய் ஞோன் என்று எடுக்கலாம். இந்த மூன்றுக்கும் உள்ள இடைவெளியைப் பார்த்தாலே அந்த நாட்டில் எங்கே காசு கரையும் என்று புரிந்துவிடும்.

படி 3: இன்றைய விலையைத் தேடுங்கள்

அறை வாடகைக்கு புக்கிங் டாட் காம், ஹாஸ்டல்வேர்ல்டு போன்ற தளங்களில் நீங்கள் போகப்போகும் மாதத்தின் தேதியையே போட்டுத் தேடுங்கள். மதிப்பெண் நன்றாக இருக்கும் பத்து இடங்களை விலை வரிசையில் அடுக்கி, நடுவில் வருவதை எடுங்கள். ஆக மலிவானதை எடுக்காதீர்கள். நீங்கள் போகும் நாளில் அது நிரம்பியிருக்க வாய்ப்பு அதிகம். வரியும் துப்புரவுக் கட்டணமும் சேர்ந்த கடைசித் தொகை வரை போய்ப் பார்த்துவிட்டுத்தான் எழுத வேண்டும்.

சாப்பாட்டுக்கு எனக்குப் பிடித்த வழி கூகுள் மேப்ஸ். நீங்கள் தங்க நினைக்கும் தெருவைச் சுற்றி நான்கைந்து சாதாரண உணவகங்களைத் திறந்து, வாடிக்கையாளர்கள் போட்ட மெனு படங்களில் ஆகப் புதியதைப் பாருங்கள். எந்தச் சராசரிக் கணக்கையும்விட அது உண்மையைச் சொல்லும். ஊர்களின் விலைவாசியை ஒப்பிடும் நம்பியோ (Numbeo) தளமும் உதவும். ஆனால் அதில் இருப்பவை பெரும்பாலும் அந்த ஊரில் குடியிருப்பவர்களின் வாழ்க்கைச் செலவு, அதையும் பயனர்களே பதிவிடுகிறார்கள். இரண்டு ஊர்களில் எது மலிவு என்று பார்க்க அது போதும். உங்கள் பட்ஜெட்டை அதை வைத்துப் போடாதீர்கள்.

ஊருக்குள் போக வர ஆகும் செலவை கிராப், போல்ட் போன்ற டாக்ஸி செயலிகளில் இரண்டு இடங்களைக் கொடுத்துத் தெரிந்துகொள்ளலாம். ஊர்விட்டு ஊர் போக அந்தந்த நாட்டு ரயில்வே தளத்தையும், பஸ், ரயில் வழிகளைக் காட்டும் ரோம்2ரியோ தளத்தையும் பாருங்கள்.

ஒவ்வொரு விலைக்கும் பக்கத்தில் பார்த்த தேதியைக் குறியுங்கள். எகிப்து பவுண்டு 2024 மார்ச்சில் ஒரே நாளில் டாலருக்கு 31 என்ற அளவிலிருந்து 50 அருகே போனது. அர்ஜென்டினா 2023 டிசம்பரில் தன் பெசோவின் அதிகாரபூர்வ மதிப்பைப் பாதிக்கு மேல் குறைத்தது. ஆனால் உள்ளூர் விலைகள் வேகமாக ஏறியதால் அடுத்த ஆண்டே அங்கே டாலர் கணக்கிலும் செலவு கூடிவிட்டது. 'அர்ஜென்டினா அடிமாட்டு விலை' என்று 2022-இல் எழுதிய கட்டுரை அன்றைக்குச் சரி. இன்றைக்கு அதை நம்பி டிக்கெட் போட்டால் கையைக் கடிக்கும்.

படி 4: எல்லாவற்றையும் ஒரே நாணயத்துக்கு மாற்றுங்கள்

எல்லா ஊருக்கும் ஒரே நாளின் மாற்று விகிதத்தைப் பயன்படுத்துங்கள். எக்வடாரும் எல் சால்வடாரும் அமெரிக்க டாலரையே பயன்படுத்துகின்றன. மாண்டினீக்ரோவும் கொசோவோவும் யூரோவைப் பயன்படுத்துகின்றன. அங்கெல்லாம் உள்ளூர் நாணயம் சரிந்து நமக்கு லாபம் வரும் என்ற கதையே கிடையாது.

விகிதத்தோடு நிறுத்தாமல், பணத்தைக் கையில் வாங்க ஆகும் செலவுக்கும் ஒரு வரிசை போடுங்கள். தாய்லாந்தின் ஏடிஎம்கள் வெளிநாட்டுக் கார்டுக்கு ஒவ்வொரு முறையும் ஒரு கட்டணம் பிடிக்கின்றன. அதை 220 பாட் என்று வைத்துக்கொள்வோம். 2,000 பாட் எடுத்தால் அது 11 சதவீதம். 20,000 பாட் எடுத்தால் 1.1 சதவீதம். இதற்கு மேல் உங்கள் வங்கி பிடிப்பது தனி. 'உங்கள் நாட்டு நாணயத்தில் கணக்கிடட்டுமா?' என்று ஏடிஎம் திரையோ கடையின் கார்டு மெஷினோ கேட்டால், வேண்டாம் என்று சொல்லி உள்ளூர் நாணயத்தையே தேர்ந்தெடுங்கள். அவர்கள் போடும் விகிதம் அநேகமாக எப்போதும் உங்கள் வங்கியின் விகிதத்தைவிட மோசமாக இருக்கும்.

படி 5: சுளையாகக் கொடுக்கும் பணத்தைத் தனியே எழுதி, நாட்களால் வகுங்கள்

இதுதான் முக்கியமான படி. இதை விட்டுவிட்டால் மற்ற எல்லாம் வீண். விமான டிக்கெட், விசா, காப்பீடு, தடுப்பூசி, பெரிய நுழைவுக் கட்டணங்கள் எல்லாம் ஒரே தடவையில் சுளையாகப் போகும் பணம். இவை தினச் செலவுப் பட்டியலில் வராது, ஆனால் உங்கள் ஒரு நாள் செலவை இவைதான் புரட்டிப் போடும்.

கம்போடியாவை எடுத்துக்கொள்ளுங்கள். சியெம் ரீப்பில் அறையும் சாப்பாடும் மலிவுதான். ஆனால் அங்கோர் கோயில்களுக்கான நுழைவுச்சீட்டு ஒரு நாளுக்கு 37 டாலர், மூன்று நாளுக்கு 62, ஏழு நாளுக்கு 72. உங்கள் தினச் செலவு 25 டாலர் என்று வைத்துக்கொள்வோம். மூன்றே நாள் தங்கி, மூன்று நாளும் கோயில் பார்த்தால் சீட்டுக்கு மட்டும் நாளுக்கு ஏறக்குறைய 21 டாலர் கூடுகிறது. 25 டாலர் ஊர் 46 டாலர் ஊராகிவிட்டது. இங்கே ஒரு வசதி இருக்கிறது: மூன்று நாள் சீட்டை அடுத்தடுத்த நாட்களில்தான் பயன்படுத்த வேண்டும் என்றில்லை, பத்து நாளுக்குள் எந்த மூன்று நாளும் போகலாம். ஆறு நாள் தங்கி, ஒரு நாள் விட்டு ஒரு நாள் கோயில் பார்த்தால் அதே 62 டாலர் நாளுக்குப் பத்துச் சொச்சமாக இறங்கிவிடும். கால்களுக்கும் ஓய்வு கிடைக்கும்.

இப்படி ஒவ்வொரு பிராந்தியத்திலும் ஒன்று காத்திருக்கும். எக்வடார் மலிவான நாடு, ஆனால் அதன் கலாபகஸ் தீவுகளில் உள்ள தேசியப் பூங்காவின் கட்டணம் 2024 ஆகஸ்ட் முதல் பெரும்பாலான வெளிநாட்டவருக்கு 200 டாலர். உகாண்டாவிலும் ருவாண்டாவிலும் ஊருக்குள் சிக்கனமாக இருந்துவிடலாம், ஆனால் கொரில்லா பார்க்க ருவாண்டாவில் அனுமதிச் சீட்டு மட்டும் 1,500 டாலர். நேபாளத்தில் 30 நாள் விசா 50 டாலர், வியட்நாமின் ஒருமுறை நுழையும் இ-விசா 25 டாலர். பாஸ்போர்ட்டைப் பொறுத்தும் கதை மாறும்: பூட்டானின் வளர்ச்சிக் கட்டணம் பெரும்பாலான வெளிநாட்டவருக்கு ஓர் இரவுக்கு 100 டாலர், இந்தியர்களுக்கு 1,200 ரூபாய். ஒரே நாடு, இரண்டு வேறு பட்ஜெட். ஆகவே கட்டணங்களை அந்தந்த அரசுத் தளத்தில் உங்கள் பாஸ்போர்ட்டுக்கு உரியதாகப் பாருங்கள்.

சில நாடுகள் மொத்தமாக வாங்கினால் குறைத்துத் தரும். ஜோர்டானில் விசா 40 தினார், பழங்கால நகரமான பெட்ராவுக்கு ஒரு நாள் சீட்டு 50 தினார். இரண்டும் அடங்கிய ஜோர்டான் பாஸ் 70 தினாரில் தொடங்குகிறது. நாட்டுக்குள் நுழையும் முன்பே வாங்கி, குறைந்தது மூன்று இரவு தங்க வேண்டும் என்பது நிபந்தனை.

அப்புறம் விமான டிக்கெட். கணக்குக்காக இரண்டு பிராந்தியங்களை வைத்துக்கொள்வோம். முதலாவதற்குப் போக வர 900 டாலர், தினச் செலவு 30. இரண்டாவதற்குப் போக வர 400 டாலர், தினச் செலவு 50. பத்து நாள் பயணம் என்றால் முதலாவது 1,200 டாலர், இரண்டாவது 900. நாற்பது நாள் என்றால் முதலாவது 2,100, இரண்டாவது 2,400. டிக்கெட் வித்தியாசத்தை (500) தினச் செலவு வித்தியாசத்தால் (20) வகுத்தால் 25 வருகிறது. 25 நாளுக்குக் குறைவாகப் போகிறீர்கள் என்றால் 'விலை அதிகமான' இரண்டாவது இடமே உங்களுக்கு மலிவு. தாளில் இந்த ஒரு வகுத்தலைப் போட்டு வைத்தால் பல குழப்பங்கள் தீரும். ஒரு வார விடுப்பில் உலகின் மறுகோடிக்குப் பறந்து சிக்கனம் செய்ய முடியாது.

படி 6: ஊர் மாறும் நாட்களையும் சீசனையும் சேருங்கள்

ஊர் மாறும் நாள் எப்போதும் செலவு கூடிய நாள். பஸ் கட்டணம், பஸ் நிலையத்துக்குப் போகும் டாக்ஸி, வழியில் கிடைத்த விலைக்குச் சாப்பாடு. பத்து நாளில் ஐந்து ஊர் பார்ப்பவருக்கும் இரண்டு ஊரில் தங்குபவருக்கும் ஒரே நாட்டில் வேறு வேறு எண் வரும். தூரமும் முக்கியம். பால்கனில் பல தலைநகரங்களுக்கு இடையே ஒரு பகல் பஸ் பயணம் போதும். பெருவில் லிமாவிலிருந்து குஸ்கோவுக்கு பஸ்ஸில் ஏறக்குறைய ஒரு முழு நாள் ஆகும், அதனால் பலரும் விமானத்துக்குப் போகிறார்கள். இரவு ரயிலோ படுக்கை வசதியுள்ள பஸ்ஸோ எடுத்தால் அன்றைய அறை வாடகையைக் கழித்துக்கொள்ளுங்கள்.

சீசன் பற்றி: குரோஷியா, மாண்டினீக்ரோ பக்கத்து அட்ரியாட்டிக் கடற்கரையில் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் அறை விலை வாயைப் பிளக்க வைக்கும், மே மாதத்திலும் செப்டம்பர் கடைசியிலும் இறங்கும். தாய்லாந்தில் ஃபுகெட் பக்கம் வறண்டிருக்கும் நவம்பரில் கோ சமுய் பக்கம் மழை கொட்டும். வியட்நாமில் டெட் புத்தாண்டு சமயத்தில் ரயில் டிக்கெட் கிடைப்பதே கஷ்டம். இவற்றில் எதையாவது ஒட்டிப் போகிறீர்கள் என்றால், ஆண்டுச் சராசரியை நம்பாமல் அந்த வாரத்தின் விலையையே எழுதுங்கள்.

படி 7: ஒரு வரியில் கூட்டுங்கள்

இப்போது ஒவ்வொரு இடத்துக்கும் சூத்திரம் இதுதான்: தினச் செலவு × நாட்கள் + ஊர் மாறும் செலவு + சுளைச் செலவு, மொத்தத்தை நாட்களால் வகுக்க வேண்டும். அதோடு பத்துச் சதவீதம் கூட்டி வையுங்கள். உடம்பு சரியில்லாமல் ஒரு நாள் நல்ல அறை எடுக்க நேரலாம், பஸ்ஸைத் தவறவிடலாம். அந்தப் பத்துச் சதவீதத்தையும் சேர்த்து எந்த இடம் உங்கள் கையிருப்புக்குள் அடங்குகிறதோ, அதையே தேர்ந்தெடுங்கள். இரண்டு இடங்களுக்கும் நாளுக்கு மூன்று நான்கு டாலர்தான் வித்தியாசம் என்றால் விலையை மறந்துவிட்டு, மனசுக்குப் பிடித்த இடத்துக்குப் போங்கள்.

போய்ச் சேர்ந்ததும் தாளை மூடிவிடாதீர்கள். முதல் மூன்று நாள் செலவை அந்தந்த வரிசைக்குப் பக்கத்தில் எழுதிக்கொண்டே வாருங்கள். சாப்பாட்டுக்கு 12 டாலர் போட்டிருந்து 17 ஆகிறது என்றால், மீதமுள்ள நாட்களால் அந்த 5 டாலரைப் பெருக்கிப் பாருங்கள். இன்னும் இருபது நாள் இருந்தால் 100 டாலர். அதை எந்த வரிசையில் பிடிப்பது, அடுத்த ஊருக்குப் போகாமல் இங்கேயே இரண்டு நாள் கூடத் தங்கலாமா என்பதை அடுத்த அறையை முன்பதிவு செய்வதற்கு முன்பே முடிவு செய்துவிடலாம்.