ரோந்தாவில் நடக்கப் போகிறீர்களா? ‘வெயில் தாழ’ என்பது அங்கே இரவு எட்டு மணி

போன ஜூன் மாதம், தெற்கு ஸ்பெயினில் பள்ளத்தாக்கு விளிம்பில் இருக்கும் ரோந்தாவில், பாலத்துக்குப் பக்கத்து ஓட்டலில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அடுத்த மேசையில் ஒரு குடும்பம் தமிழில் பேசிக்கொண்டிருந்தது. அப்பா, அம்மா, கல்லூரி வயதில் ஒரு பெண். “சாப்பிட்டுட்டு ரூம்ல கொஞ்ச நேரம் படுப்போம். வெயில் தாழ நாலு மணிக்குக் கிளம்பினா கீழே இறங்கிப் பார்த்துட்டு வந்துடலாம்” என்றார் அப்பா. எழுந்து போய் அவர்களிடம் பேசிவிட்டேன். முன்பின் தெரியாதவர்கள்தான், ஆனால் சும்மா இருக்க முடியவில்லை. பத்து வருடத்துக்கு முன் என் அண்ணனிடம் கிட்டத்தட்ட இதையேதான் நான் சொன்னேன்.

மாலாகாவில் வேலை பார்க்கிறேன். ரோந்தா காரில் ஒன்றரை மணி நேரம். நண்பர்களையும் ஊரிலிருந்து வரும் சொந்தக்காரர்களையும் கூட்டிக்கொண்டு அந்த ஊரையும் சுற்றியுள்ள மலைகளையும் பல தடவை நடந்திருக்கிறேன். எல்லாம் அரை நாளில் முடியும் சுலபமான வழிகள். நல்ல ஷூ, தொப்பி, சன்ஸ்கிரீன் போன்றவை எல்லோருக்கும் தெரியும், அதனால் விட்டுவிடுகிறேன். தெரிந்தவர்களே திரும்பத் திரும்பச் செய்யும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

வெயில் தாழக் கிளம்புவது

உச்சிவெயில் என்றால் 12 மணி என்று நம் உடம்பில் ஊறியிருக்கிறது. மூன்று மணியைத் தாண்டிவிட்டால் வெயில் இறங்கத் தொடங்கும், நான்கு மணிக்கு வெளியே தலை காட்டலாம். ஸ்பெயினில் கோடைகாலத்தில் இந்தக் கணக்கு ஆபத்தானது.

காரணம் எளிமையானது. வரைபடத்தில் ஸ்பெயின் இங்கிலாந்துக்கு நேர் கீழே இருக்கிறது. லண்டன் நேரம்தான் அதற்குப் பொருந்தும். 1940இல் சர்வாதிகாரி பிராங்கோவின் ஆட்சியில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி பெர்லின் நேரத்தோடு சேர்த்தார்கள். அதைத் திரும்ப மாற்றவே இல்லை. கோடையில் இன்னொரு மணி நேரம் கூடுகிறது. ரோந்தா கிரீன்விச்சுக்கு மேற்கே ஐந்து பாகை தள்ளி இருப்பதால் அதற்கும் ஒரு இருபது நிமிடம். எல்லாம் சேர்ந்து, ஜூன், ஜூலையில் சூரியன் உச்சிக்கு வருவது மதியம் சுமார் 2.20க்கு. சூடு உச்சத்தைத் தொடுவது அதற்கும் பிறகு, ஐந்திலிருந்து ஆறரைக்குள். நீங்கள் குட்டித் தூக்கம் போட்டு எழுந்து நான்கு மணிக்குக் கிளம்பும்போது, சூரியக் கணக்கில் இன்னும் இரண்டு மணிகூட ஆகவில்லை. வெயில் தாழவில்லை, சூடு இன்னும் ஏறிக்கொண்டிருக்கிறது.

இது தெரியாமல்தான் அந்த வருடம் ஜூலையில் அண்ணனைக் கூட்டிக்கொண்டு பெனாவோஹான் ஸ்டேஷனிலிருந்து ஹிமேரா தே லிபார் வரை நடந்தேன். குவாதியாரோ ஆற்றின் ஓரமாகப் போகும் வழி, ஏறக்குறைய 8 கிலோமீட்டர், பெரிய ஏற்றம் எதுவும் கிடையாது. பக்கத்திலேயே ரயில் பாதை. ஹிமேராவில் மாலை ரயிலைப் பிடித்து ரோந்தா திரும்பலாம் என்பது திட்டம். மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டு, ‘வெயில் தாழ’ மூன்றே முக்காலுக்குக் கிளம்பினோம். ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர்.

பேர்தான் ஆற்றோரப் பாதை. பெரும்பகுதி ஆற்றுக்கு மேலே சரிவில் போகிறது. தண்ணீர் கண்ணுக்குத் தெரியும், கைக்கு எட்டாது. அங்கங்கே காட்டு ஓக் மரங்கள் நிழல் தரும், மற்ற இடமெல்லாம் வெட்டவெளி. சுண்ணாம்புப் பாறை கீழேயிருந்து அனல் அடிக்கும். பாதி தூரத்தில் தண்ணீர் தீர்ந்துவிட்டது. “டேய், கொஞ்சம் உட்காரலாமாடா” என்றான் அண்ணன். அவன் கையைப் பார்த்தேன். முழங்கை வரை மயிர்க்கூச்சம். அந்த வெயிலில் குளிர்கிறது என்றான். சட்டை காய்ந்து கிடந்தது, வியர்வை நின்றுபோயிருந்தது.

இன்னும் கொஞ்சம் போனதும் ஒரு பண்ணை வீடு வந்தது. ஜன்னல் பலகைகளெல்லாம் இறுகச் சாத்தியிருந்தன. உள்ளேயிருந்து வந்த பெரியவர் ஒன்றும் கேட்கவில்லை. அண்ணனைக் கல்தரையில் படுக்கவைத்து, துண்டை நனைத்துக் கழுத்திலும் அக்குளிலும் வைத்தார். அப்புறம் என்னைப் பார்த்து, இந்த நேரத்தில் எங்கள் நாய்கூட வெளியே போகாது, நீ எப்படி இவரைக் கூட்டி வந்தாய் என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

ரயில் போய்விட்டது. வாடகைக் கார் வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. ரோந்தாவுக்குள் நுழையும்போது ஒரு மருந்துக்கடையின் பச்சைச் சிலுவைப் பலகையில் மணியும் வெப்பநிலையும் மாறி மாறி ஓடிக்கொண்டிருந்தன: 19.40, 38 டிகிரி. இரவு முழுக்க அவனுக்கு டிரிப்ஸ் ஏறியது. பத்து நாள் லீவில் வந்தவன் நான்கு நாள் அறையில் படுத்திருந்தான். அதற்குப் பிறகு இரண்டு முறை வந்துவிட்டான், இரண்டும் பிப்ரவரியில். இன்றைக்கும் யாராவது ‘நாலு மணிக்குக் கிளம்பலாம்’ என்று சொன்னால் எனக்குக் கோபம்தான் வருகிறது. அவர்கள்மேல் இல்லை, இதைச் சுற்றுலாக் குறிப்புகளில் முதல் வரியாகப் போடாதவர்கள்மேல்.

இந்தத் தவறுக்குத் தூண்டுவது பெரும்பாலும் புகைப்படம். ரோந்தாவின் புதுப் பாலம் 1751இல் தொடங்கி 1793இல் முடிந்தது. 98 மீட்டர் உயரம், அடியில் குவாதலெவின் ஆறு. மரியா ஆக்ஸிலியாதோரா சதுக்கத்திலிருந்து இறங்கும் மில் பாதையில் போனால் பாலத்தை முழுசாகக் கீழேயிருந்து பார்க்கலாம். அந்தப் பக்கம் மேற்கு. மாலைச் சூரியன் நேராகப் பாலத்தின் மேல் விழுந்து கல் முழுக்கப் பொன்னிறமாக மாறும். ‘மாலையில் போங்கள்’ என்று எல்லோரும் எழுதுவது அதனால்தான். அந்த மாலை எது என்பதைத்தான் எழுதுவதில்லை. ஜூனில் அங்கே சூரியன் மறைவது ஒன்பதரைக்கு மேல். ஐந்து மணிக்கு இறங்கினால் பாறைச் சுவர் முழுவதும் வெயிலை வாங்கி உங்கள்மேல் திருப்பும். படத்துக்காக வேண்டுமென்றால் எட்டு மணிக்குமேல் இறங்குங்கள், இருட்டுவதற்குள் மேலே வந்துவிடலாம். நடக்க வேண்டுமென்றால் காலையில் போங்கள். அப்போது பாறையின் நிழல் பாதையின் மேல் கிடக்கும், புல்லில் ஈரம்கூட இருக்கும்.

கோடையில் நான் வைத்திருக்கும் கணக்கு இது. விடிவது ஏழு மணி சுமாருக்கு. விடிந்து சிறிது நேரத்துக்குள் கால் பாதையில் இருக்க வேண்டும், பதினொன்றரைக்குள் நடை முடிந்துவிட வேண்டும். ஓட்டலில் காலைச் சாப்பாடு எட்டு மணிக்குத்தான் போடுவார்கள், அதற்காகக் காத்திருக்காதீர்கள். வேலைக்குப் போகிறவர்கள் சாப்பிடும் சின்னக் கடைகள் ஏழு மணிக்கே திறந்திருக்கும். சுட்ட ரொட்டியில் ஆலிவ் எண்ணெய் ஊற்றி, துருவிய தக்காளி தடவித் தருவார்கள். சைவக்காரர்களுக்கும் அது போதும். மதியம் உள்ளூர்க்காரர்களோடு சேர்ந்து நீங்களும் ஜன்னலைச் சாத்திக்கொண்டு தூங்குங்கள். எட்டரைக்கு மேல் அலமேதா பூங்காவிலிருந்து பள்ளத்தாக்கு விளிம்போடு பாலம் வரை நடந்தால் ஊரே அங்கேதான் இருக்கும், தள்ளுவண்டியில் குழந்தைகள், கைத்தடியோடு பாட்டிமார்.

அக்டோபரில் இதே கடிகாரம் வேறு மாதிரி ஏமாற்றும். மாதக் கடைசியில் விடிவதற்கே எட்டே கால் தாண்டிவிடும். கடைசி ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைப்பார்கள். முந்தின நாள் ஏழேகால் வரை வெளிச்சம் இருந்ததே என்று நம்பிக் காட்டுக்குள் போனவர்கள் மறுநாள் ஏழு மணிக்கு இருட்டில் நிற்பார்கள்.

கடைசி ரயிலை நம்பி நடப்பது

பெனாவோஹானுக்கும் ஹிமேராவுக்கும் போகும் ரயில் பாதையை ஓர் ஆங்கிலேயக் கம்பெனி போட்டது, 1892இல் அல்ஹெசீராஸ் துறைமுகம் வரை முழுவதுமாகத் திறந்தார்கள். அழகான பாதை, ஆனால் ஒரு நாளைக்குச் சில ரயில்கள்தான். கார் இருந்தால் அதை பெனாவோஹான் ஸ்டேஷனில் நிறுத்திவிட்டு, காலையில் முதலில் ரயிலேறி ஹிமேரா போய், காரை நோக்கி நடந்து வாருங்கள். அப்போது கால் வலித்தால் உட்காரலாம், யாரும் உங்களைத் துரத்த மாட்டார்கள். நடந்து போய் ரயிலைப் பிடிப்பது என்றால் கடைசி ரயிலுக்கு முந்தைய ரயிலைக் குறிவையுங்கள்.

பச்சைக் கோடு என்றால் சுலபம் என்று நினைப்பது

பாறையிலும் கம்பத்திலும் இரட்டைக் கோடு போட்டிருப்பார்கள். சிவப்பு வெள்ளை 50 கிலோமீட்டருக்கு மேற்பட்ட நெடும்பாதை, மஞ்சள் வெள்ளை 10 முதல் 50 வரை, பச்சை வெள்ளை 10க்குள். நிறம் சொல்வது நீளத்தை மட்டும்தான். மூன்றே கிலோமீட்டரில் மூச்சுவாங்க வைக்கும் பச்சைப் பாதையும் உண்டு, குழந்தை நடக்கும் சிவப்புப் பாதையும் உண்டு. நான் மேலே சொன்ன ஆற்றோர வழியே ஒரு நெடும்பாதையின் துண்டுதான். கோடுகள் குறுக்காகப் பெருக்கல் குறிபோல் இருந்தால் அந்தப் பக்கம் போகக் கூடாது என்று அர்த்தம்.

வரைபடத்தின் நீலக் கோட்டை நம்பித் தண்ணீரைக் குறைப்பது

ஆறு வருகிறதே, வழியில் பிடித்துக்கொள்ளலாம் என்பார்கள். இந்த மலைகள் சுண்ணாம்புப் பாறை. மழை எவ்வளவு கொட்டினாலும் விரிசல் வழியே உள்ளே இறங்கிவிடும். பெனாவோஹானுக்குப் பக்கத்தில் மொந்தெஹாகே என்ற ஊர் இருக்கிறது. அதற்கு மேலே 1920களில் மின்சாரத்துக்காக 80 மீட்டருக்கு மேல் உயரமான அணை ஒன்றைக் கட்டினார்கள். தண்ணீர் தங்கவே இல்லை, பாறை வழியே ஒழுகிப்போனது. எவ்வளவோ அடைத்துப் பார்த்துக் கடைசியில் கைவிட்டார்கள். அந்த வளைந்த சுவர் இன்றும் நிற்கிறது. உள்ளே போன ஓடை மலைக்கு அடியில் குடைந்து பூனைக் குகை என்ற இடத்தில் வெளியே வருகிறது. அணையையும் குகை வாயையும் ஒரே நாளில் பார்த்தீர்களானால் பையில் இரண்டு லிட்டருக்குக் குறையாமல் ஏன் வைக்கச் சொல்கிறேன் என்று புரியும். குகைக்கு வெளியே உள்ள குளத்தில் ஜூலையிலும் தண்ணீர் சில்லென்று இருக்கும். குகைக்குள் போகாதீர்கள்.

தண்ணீருக்குப் பக்கத்திலேயே, நிழலில் நடக்க ஆசை என்றால் எல் போஸ்கே கிராமத்திலிருந்து பெனாமாஹோமா கிராமத்துக்கு மஹாசெய்தே ஆற்றோடு போங்கள். சுமார் 5 கிலோமீட்டர், சின்னச் சின்ன மரப்பாலங்கள். போகும்போது லேசான ஏற்றம், திரும்பும்போது இறக்கம். கோடையில் வயதானவர்களை நான் கூட்டிப்போவது அங்கேதான், அதுவும் காலையில்.

மழை பெய்த மறுநாள் ரோமானியப் பாதை

ரோந்தாவுக்கு மேற்கே உள்ள கிராசலேமா மலைப் பக்கம் வருடத்துக்கு 2000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டும், ஸ்பெயினிலேயே அதிக மழை பெய்யும் இடங்களில் ஒன்று. பெனாவோகாஸிலிருந்து உப்ரிகேவுக்கு இறங்கும் பழைய கல்பாதை காய்ந்த நாளில் அருமை. நனைந்தால், நூற்றாண்டுகளாகக் காலும் குளம்பும் தேய்த்த கல், எண்ணெய் தடவியது போல் வழுக்கும். ஒரு நாள் தள்ளிப்போடுங்கள்.

அனுமதி வாங்காமல் பின்சாபார்

பின்சாப்போ என்ற ஃபிர் வகை ஊசியிலை மரம் இந்தப் பகுதியின் சில மலைகளில் மட்டும்தான் இயற்கையாக வளர்கிறது. கிராசலேமாவில் அந்த மரக் காடான பின்சாபாருக்குள் போக அனுமதிச் சீட்டு வேண்டும், ஒரு நாளைக்கு இத்தனை பேர் என்று கணக்கு. ஜூன் தொடக்கத்திலிருந்து அக்டோபர் நடுவரை காட்டுத்தீ அபாயத்தால் கட்டுப்பாடு இன்னும் இறுகும். விமான டிக்கெட் போட்ட அன்றே அதற்கும் விண்ணப்பியுங்கள்.

ஞாயிறு மதியம் கிராமத்துக் கடை

மூடியிருக்கும்.

வேலிக் கதவு

திறந்திருந்தால் திறந்தபடி விடுங்கள். சாத்தியிருந்தால், தாண்டியதும் சாத்திக் கொக்கியை மாட்டுங்கள். உள்ளே ஆடு மேய்கிறது.